சஸ்பென்ஷன் போல்ட் மரை சைஸ் தெரியாம அலையறீங்களா? கடைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு இது என்னைக்காவது ஒரு நாள் கண்டிப்பா வரும். கன்டெய்னர் லாரி ஓடி ஓடி ரோடு பள்ளமா கிடக்கு, அந்தப் பக்கம் கடல் காத்து உப்பு, ரெண்டும் சேந்து வண்டிக்கு அடியில இருக்க நட்டு போல்ட்ட தின்னுடும். லிங்க் ராடு நட்டு, ஷாக் அப்சார்பர் கீழ் போல்ட், டை ராடு எண்டு நட்டு, இதுல ஏதாவது ஒண்ணு கழட்டும்போது மரை போயிடும், மெக்கானிக் "12 எம்எம் நட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க சார்" அப்டின்னு சிம்பிளா சொல்லிடுவாரு, அங்க இருந்து தான் நம்ம அலைச்சல் ஆரம்பம்.

எனக்கு நடந்தது ஸ்டெபிலைசர் லிங்க் (மேல சொன்ன லிங்க் ராடு தான்) நட்டுல. ஒரு கடையில குடுத்த நட்டு ரெண்டு சுத்து போயி இறுகிடுச்சு, இன்னொரு கடை நட்டு உள்ளயே ஏறல, மூணாவதா ஒருத்தர் "கன் (நட்டு இறுக்கற மெஷின்) வச்சு அடிங்க, போயிடும்" அப்டின்னாரு. கடைசியில பாத்தா முன்னாடி வச்சிருந்த ஓனர் வேற கம்பெனி லிங்க போட்டிருக்காரு, அதோட மரை நம்ம வண்டி கம்பெனி மரையே இல்ல. இத ஒழுங்கா அளந்து கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது, எப்படி அளக்கணும்னு சொல்ல ஆள் இல்லாததுனால தான் இவ்ளோ நாள் ஓடிச்சு. நீங்க அந்த அலைச்சல் படக்கூடாதுன்னு வரிசையா எழுதறேன்.

1. ஸ்பேனர் நம்பர மரை சைஸ்னு நினைக்காதீங்க

பாதி பேர் மாட்டிக்கறது இங்க தான். "19 நம்பர் நட்டு", "17 நம்பர் போல்ட்" அப்டின்னு சொல்றது எல்லாம் தலையோட அகலம், ஸ்பேனர் பிடிக்கிற இடம், அவ்ளோ தான். உள்ள இருக்க மரைக்கும் அதுக்கும் நேரடி கணக்கு கிடையாது. 12 எம்எம் போல்ட்டுக்கு ஜப்பான் முறையில தலை 17 வரும், பழைய ஜெர்மன் முறையில 19 வரும், ஐஎஸ்ஓ முறையில 18 வரும். அதே 17 நம்பர் தலை ஜெர்மன் முறையில 10 எம்எம் போல்ட்டுலயும் இருக்கும். அதனால கடையில போயி "17 நம்பர் நட்டு குடுங்க" அப்டின்னா அவர் கைக்கு எது வருதோ அத குடுப்பாரு, அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

நீங்க கண்டுபிடிக்க வேண்டியது நாலு விஷயம்: மரையோட வெளி விட்டம், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்க தூரம்), மரை ரைட்டா லெஃப்ட்டா (எந்தப் பக்கம் சுத்தினா இறுகும்), அப்புறம் கிரேடு (போல்ட்டோட பலம்). நாலும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சிட்டு தான் கடைக்கு கிளம்பணும்.

2. வண்டி பேப்பர்ல ஆரம்பிங்க

அளக்கறதுக்கு முன்னாடி ஆர்சிய எடுங்க. அதுல இருக்க சேசிஸ் நம்பர், தயாரிச்ச மாசம் வருஷம், இது ரெண்டயும் போட்டோ எடுத்துக்கோங்க. கம்பெனி ஸ்பேர் கவுன்டர்ல சேசிஸ் நம்பர் குடுத்தா எந்த பார்ட், அதுக்கு எந்த நட்டுன்னு கம்ப்யூட்டர்ல பாத்து பார்ட் நம்பர் சொல்லுவாங்க. ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் லிங்க் மாறியிருக்கும், அதனால வெறும் மாடல் பேர் பத்தாது.

செகண்ட் ஹேண்ட் வண்டியா இருந்தா, பழைய ஓனர் கிட்ட சர்வீஸ் பில் இருந்தா கேட்டு வாங்கிடுங்க. எந்த கம்பெனி ஷாக், எந்த கம்பெனி லிங்க் போட்டாங்கன்னு அதுல இருக்கும். வெளி மார்க்கெட் பார்ட் போட்டிருந்தா வண்டி கம்பெனியோட பார்ட் நம்பர் உங்களுக்கு உதவாது, எனக்கு ஆன மாதிரி. அந்த பார்ட் வந்த டப்பாவயே தேடுங்க, சில டப்பா மேல மரை சைஸ் அச்சடிச்சே இருக்கும்.

3. வாங்கி வச்சுக்க வேண்டிய சாமான்

ஒரு வெர்னியர் காலிப்பர். பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் சில நூறு ரூபாக்கு கிடைக்கும், ஸ்டீல்ல வாங்கினா ஆயிரம் ரூபா பக்கம் ஆகும். என்னோட அபிப்பிராயம், ஸ்டீல்லயே வாங்கிடுங்க, பிளாஸ்டிக் வாய் அழுத்தினா வளையும், நமக்கு இங்க அரை மில்லி கூட பெரிய வித்தியாசம்.

அப்புறம் ஒரு பிட்ச் கேஜ். சின்ன சின்ன தகடா விசிறி மாதிரி விரியும், ஒவ்வொரு தகடுலயும் ஒரு பிட்ச் வெட்டியிருக்கும். வாங்கும்போது மெட்ரிக், இன்ச் ரெண்டும் இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெறும் மெட்ரிக் மட்டும் வாங்கிட்டா பழைய வண்டில மாட்டிப்பீங்க. இதுவும் சில நூறு ரூபா தான்.

கேஜ் வாங்க மனசு இல்லன்னா தூக்கி போடற பழைய ஸ்பார்க் பிளக் ஒண்ணு மெக்கானிக் கிட்ட கேட்டு வாங்குங்க. 14 எம்எம் மரை உள்ள பிளக்கோட பிட்ச் 1.25. அத சந்தேகப்படற போல்ட் மேல பக்கவாட்டுல வச்சு வெளிச்சத்துல பாத்தா 1.25ஆ இல்லயான்னு அங்கயே தெரிஞ்சிடும். சின்ன பைக் பிளக் எடுக்காதீங்க, 10 எம்எம் பிளக்ல பிட்ச் 1.0.

4. கழட்டி சுத்தம் பண்ணுங்க

வெறும் ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க, இல்லன்னா மெக்கானிக்க வச்சு கழட்டுங்க. கழட்டின போல்ட்ட டீசல்லயோ மண்ணெண்ணையிலயோ கொஞ்ச நேரம் ஊற வச்சு வயர் பிரஷ் போட்டு மரை பள்ளம் தெரியற வரைக்கும் தேய்க்கணும். துரு மேலயே அளந்தா பெருசா காட்டும், துரு தின்னு போயிருந்தா சின்னதா காட்டும், ரெண்டுமே தப்பு. நட்டு உக்காந்திருந்த இடத்துல அளக்காதீங்க, அந்த இடம் இழுபட்டு நீண்டிருக்கும், பிட்ச் தப்பா வரும். நுனி பக்கம், நட்டு படாம இருந்த மரையில அளங்க.

கழட்டின பழைய நட்ட குப்பையில போடாதீங்க. மரை போயிருந்தாலும் பரவால்ல, பையில போட்டு வைங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

5. விட்டம் அளக்கறது

காலிப்பர மரையோட உச்சி மேல வச்சு அளங்க, ஒரு இடத்துல இல்ல, திருப்பி திருப்பி மூணு நாலு இடத்துல. 12 எம்எம் போல்ட் அளந்தா சரியா 12.00 வராது. 11.7ல இருந்து 11.97க்குள்ள வரும், அது தான் சரி. 10 எம்எம் போல்ட் 9.7 - 9.97, 14 எம்எம் போல்ட் 13.7 - 13.97. எப்பவும் சொல்ற சைஸ விட கொஞ்சம் கம்மியா தான் இருக்கும்.

இந்த கட்டத்துல எதுலயும் அடங்காத நம்பர் வந்தா உஷாராகுங்க. 11.0 பக்கம் வந்தா அது தேய்ஞ்சு போன 12 எம்எம்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க, பெரும்பாலும் அது 7/16 இன்ச். 12.6 வந்தா அரை இன்ச், 14.2 வந்தா 9/16, 9.4 வந்தா 3/8. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில இத நூல் கணக்குல சொல்லுவாங்க, ஒரு நூல்னா 1/8 இன்ச், அப்போ 3/8 மூணு நூல், அரை இன்ச் நாலு நூல், 7/16 மூன்றரை நூல். கடையில பேச இந்த கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

6. பிட்ச் கண்டுபிடிக்கிறது, இத அவசரப்படாம செய்யுங்க

ஒரே 12 எம்எம் போல்ட்டுல மூணு பிட்ச் சாதாரணமா கிடைக்கும்: 1.25, 1.5, 1.75. கடையில ஒண்ணே கால், ஒன்றரை, ஒண்ணே முக்கால்னு கேட்டா புரியும். பிட்ச் சொல்லாம நீங்க கேட்டா ஹார்டுவேர் கடையில குடுக்கறது பெரும்பாலும் ஒண்ணே முக்கால், ஏன்னா கேட், கிரில், மெஷின் ஸ்டாண்டு எல்லாத்துக்கும் போறது அது தான். கார் சஸ்பென்ஷன்ல 12 எம்எம்ல பெரும்பாலும் வர்றது ஒண்ணே காலும் ஒன்றரையும். 10 எம்எம்ல ஒண்ணே கால், ஒன்றரை ரெண்டும் வரும், சில ஷாக் ராடு நுனியில 1.0 கூட வரும். 14 எம்எம்ல ஒன்றரை தான் அதிகம்.

கேஜ் தகட மரை மேல வச்சு பின்னாடி லைட் அடிங்க. தகடுக்கும் மரைக்கும் நடுவுல வெளிச்சம் கசியக்கூடாது, அதுவும் தகடோட முழு நீளத்துக்கும். ரெண்டு மூணு மரைக்கு மட்டும் உக்காந்த மாதிரி இருந்து அப்புறம் தூக்கினா அது தப்பு தகடு.

அதோட விடாதீங்க, காலிப்பர்லயும் ஒரு தடவ சரி பாருங்க. மரை உச்சி 11 எண்ணுங்க, முதல் உச்சியில இருந்து பதினோராவது உச்சி வரைக்கும் அளங்க, பத்தால வகுங்க. 11 உச்சி எண்ணினா தான் நடுவுல 10 இடைவெளி வரும், நிறைய பேர் 10 உச்சி எண்ணிட்டு 10ஆல வகுத்து தப்பு பிட்ச்ச தூக்கிட்டு கடைக்கு போறாங்க. 12.5 வந்தா பிட்ச் 1.25, 15 வந்தா 1.5, 17.5 வந்தா 1.75. போல்ட்டுல அவ்ளோ நீளம் இல்லன்னா 6 உச்சி எண்ணி அஞ்சால வகுங்க. காலிப்பர் நுனி உச்சியில நிக்க மாட்டேங்குதுன்னா ஒரு பேப்பர மரை மேல சுத்தி பென்சில படுக்க வச்சு தேய்ங்க, கோடு கோடா விழும், அத அளங்க.

வீட்டு வாசல்லயே இன்னொரு வழி இருக்கு. மாருதி கார் வீல் நட்டு 12 எம்எம், ஒண்ணே கால் பிட்ச். ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்ல பெரும்பாலும் 12 எம்எம், ஒன்றரை பிட்ச். உங்க வண்டியிலயும் பக்கத்து வீட்டு வண்டியிலயும் ஒவ்வொரு நட்டு கழட்டி சந்தேக போல்ட்டுல கையால ஏத்தி பாருங்க. எது விரலாலயே ஆறு ஏழு சுத்து வழுக்கிட்டு போகுதோ அது தான் உங்க பிட்ச். பாத்த உடனே நட்ட திரும்ப வீல்ல மாட்டி இறுக்கிட்டு தான் அடுத்த வேலை.

விரலால போகணும்னு ஏன் சொல்றேன்னா, ஒண்ணே கால் போல்ட்டுல ஒன்றரை நட்டு ரெண்டு சுத்து போகும். அதுக்கு மேல இறுகும். அங்க ஸ்பேனர் போட்டீங்கன்னா போகும், கன் போட்டா இன்னும் நல்லாவே போகும், ஆனா போறது மரைய வெட்டிக்கிட்டு. இறுகின மாதிரி இருக்கும், டார்க் ரென்ச்சு கூட கிளிக்னு அடிக்கும், ஓட்டும்போது ஒரு பெரிய பள்ளத்துல நட்டு கழண்டு வந்துடும். லிங்க் ராடுன்னா சத்தம் வரும், டை ராடு எண்டுன்னா ஸ்டியரிங் போயிடும், மாதவரம் ரவுண்டானா பக்கம் லாரி நடுவுல அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. யார் சொன்னாலும் கன் வச்சு நட்ட ஏத்த விடாதீங்க, முதல் நாலஞ்சு சுத்து கை தான்.

7. போல்ட் போயிடுச்சு, நட்டு மட்டும் இருக்குன்னா

காலிப்பரோட உள் வாய வச்சு நட்டோட உள் விட்டத்த அளங்க. அந்த நம்பர் 10.7 பக்கம் வந்தா 12 எம்எம் ஒண்ணே கால், 10.4 பக்கம்னா ஒன்றரை, 10.2 பக்கம்னா ஒண்ணே முக்கால். 8.7 பக்கம்னா 10 எம்எம் ஒண்ணே கால், 12.4 பக்கம்னா 14 எம்எம் ஒன்றரை. நட்டு தேய்ஞ்சிருந்தா இந்த நம்பர் கொஞ்சம் ஏறும், அதனால இத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, தெரிஞ்ச சைஸ் போல்ட்ட விரலால விட்டு பாத்து உறுதி பண்ணுங்க. நக்கிள் (சக்கரத்த தாங்கற பார்ட்) ஓட்டையில இருக்க மரைக்கும் இதே முறை தான்.

8. இன்ச் மரையா இருந்தா

அம்பாசடர், பழைய மஹிந்திரா ஜீப், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இதெல்லாம் வச்சிருக்கவங்க இத முக்கியமா படிங்க. அம்பாசடர்ல பின்னாடி வந்த இசுசு 1.8 இன்ஜின் மெட்ரிக், சேசிஸ் பக்கம் பெரும்பாலும் இன்ச், ஒரே வண்டில ரெண்டும் இருக்கும். இன்ச்சுல சஸ்பென்ஷனுக்கு அதிகமா வர்றது யூஎன்எஃப், அதாவது ஃபைன் மரை. 3/8க்கு ஒரு இன்ச்சுல 24 மரை, 7/16க்கும் அரை இன்ச்சுக்கும் 20 மரை, 9/16க்கு 18 மரை.

ஒரு ஆபத்தான விஷயம். இன்ச்சுக்கு 20 மரைன்னா பிட்ச் 1.27. நம்ம மெட்ரிக் ஒண்ணே கால் 1.25. கேஜ் தகடுல ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். 10 இடைவெளிக்கு அளந்தா ஒண்ணு 12.5, இன்னொண்ணு 12.7, அவ்ளோ தான் வித்தியாசம். இதுல என்ன ஆகும்னா 7/16 போல்ட் (11.1 எம்எம்) 12 எம்எம் ஒண்ணே கால் நட்டுக்குள்ள ஈசியா போயிடும், கொஞ்சம் இறுகவும் செய்யும், ஆனா மரை உச்சி மட்டும் தான் பிடிச்சிட்டு இருக்கும். பாதி கூட பிடிக்காது. ஜீப்புல இப்படி மாட்டி விட்டத நானே பாத்திருக்கேன். நட்டு போட்டு பக்கவாட்டுல ஆட்டி பாருங்க, லொடலொடன்னு ஆடினா அது அந்த போல்ட்டோட நட்டு இல்ல. பிட்ச் மட்டும் பாத்து முடிவு பண்ணாம விட்டத்தயும் சேத்து பாக்கணும்னு சொல்றது இதுக்காக தான்.

இன்னும் பழைய பிரிட்டிஷ் வண்டின்னா பிஎஸ்எஃப், விட்வொர்த் மரை வரும். அதோட மரை கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கும் யூஎன்எஃப்பும் 60 டிகிரி. 7/16 பிஎஸ்எஃப்ல 18 மரை, யூஎன்எஃப்ல 20, எண்ணினாலே தெரிஞ்சிடும்.

9. லெஃப்ட் த்ரெட்டான்னு பாருங்க

போல்ட்ட செங்குத்தா பிடிங்க. மரை வலது பக்கம் மேல ஏறினா சாதாரண ரைட் த்ரெட், இடது பக்கம் மேல ஏறினா லெஃப்ட். சில வண்டி டை ராடுல ஒரு முனை ரைட், இன்னொரு முனை லெஃப்ட், அட்ஜஸ்ட் பண்ற வசதிக்காக. அங்க லாக் நட்டும் லெஃப்ட் தான் வேணும்.

10. கிரேடு

மெட்ரிக் போல்ட் தலையில 8.8, 10.9ன்னு அடிச்சிருக்கும், நட்டுல 8 இல்ல 10. இன்ச் போல்ட் தலையில மூணு கோடு இருந்தா கிரேடு 5, ஆறு கோடு இருந்தா கிரேடு 8. கழட்டினதுல என்ன இருந்துச்சோ அதே கிரேடு வாங்குங்க. தலையில ஒண்ணுமே இல்லாத போல்ட் சஸ்பென்ஷனுக்கு வேணாம், எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் வேணாம்.

11. எங்க வாங்கறது, எப்ப போறது

முதல்ல கம்பெனி ஸ்பேர் கவுன்டர். அங்க இல்லன்னா பாரிமுனை பக்கம் செம்புதாஸ் தெரு, அத ஒட்டி மண்ணடி தெருக்கள்ல நட்டு போல்ட்டுக்குன்னே கடை வரிசையா இருக்கு. ஞாயித்துக்கிழமை பெரும்பாலும் பூட்டியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்துல ஒரே ஒரு நட்டு கேட்டா யாரும் நின்னு பேச மாட்டாங்க, வார நாள்ல காலையில கடை திறந்து கொஞ்ச நேரத்துல போங்க. கார் எடுத்துட்டு போகாதீங்க, நிறுத்த இடம் கிடையாது. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கவங்க மெட்ரோல மண்ணடி ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம்.

கடையில போயி "கார் நட்டு" அப்டின்னு ஆரம்பிக்காதீங்க. "பாய், எம் 12, ஒண்ணே கால் பிட்ச், நைலாக் நட்டு, கிரேடு 10, ரெண்டு வேணும்" அப்டின்னு முழுசா சொல்லுங்க (நைலாக்னா உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு), பதில் உடனே வரும், இருக்கு இல்லன்னு. பழைய போல்ட்ட கையில வச்சிருந்து அங்கயே விரலால ஏத்தி பாத்து வாங்குங்க. லூசுல ஒண்ணு ரெண்டு குடுக்க மாட்டேன்னு சில ஹோல்சேல் கடையில சொல்லுவாங்க, பக்கத்து ரீடெயில் கடைய அவங்களே காட்டுவாங்க. நட்டுக்கு ஆகற காசு பத்து இருபது ரூபால இருந்து அதிகபட்சம் நூறுக்குள்ள தான், அதனால ரெண்டா வாங்கி ஒண்ண டேஷ்போர்டுல போட்டு வைங்க. பில்லுல சைஸ், பிட்ச், கிரேடு எழுதி தர சொல்லுங்க, அடுத்த தடவ அந்த பில்ல காட்டினாலே போதும்.

புதுப்பேட்டையில பழைய பார்ட் கிடைக்கும் தான், ஆனா பழைய சஸ்பென்ஷன் போல்ட் எவ்ளோ இழுபட்டிருக்குன்னு கண்ணால தெரியாது. அங்க பிராக்கெட் வாங்குங்க, போல்ட் வேணாம்.

12. லேத்துல செஞ்சு தரேன்னு சொன்னா

நல்ல கை உள்ள லேத்து ஆளுங்க நம்ம ஏரியாவுல நிறைய, எந்த பிட்ச் கேட்டாலும் வெட்டி தருவாங்க. மரை லேசா அடிபட்டிருந்தா அதே சைஸ் டை (வெளி மரை வெட்டற டூல்) விட்டு சரி பண்ண சொல்லலாம், நட்டு பக்கம்னா டேப் (உள் மரை வெட்டற டூல்) விட சொல்லலாம், அது நல்ல வேலை. ஓட்டையில மரை முழுசா போயிருந்தா ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள புது மரையா உக்கார்ற கம்பிச் சுருள்) போடலாம், ஆனா அந்த பார்ட்டுக்கு அது தாங்குமான்னு கேட்டுட்டு போடுங்க. ஆனா சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடுல ஷாக் போல்ட்டோ பால் ஜாயின்ட் போல்ட்டோ கடைஞ்சு வாங்கவே வாங்காதீங்க, 10.9 போல்ட் தாங்கற லோடுல அது பாதி கூட தாங்காது. டை ராடு, பால் ஜாயின்ட் மரை போயிடுச்சுன்னா வெல்டிங் பேச்சே எடுக்காதீங்க, பார்ட்டயே மாத்திடுங்க.

13. மாட்டும்போது

நைலாக் நட்டு ஒரு தடவ கழட்டினா புதுசு போடணும். ஸ்பிளிட் பின்னும் அப்படித்தான். ரப்பர் புஷ் வழியா போற போல்ட்ட வண்டிய தூக்கி வச்சிட்டு கடைசி டைட் பண்ணாதீங்க, சக்கரம் தரையில நின்னு வண்டி தன் வெயிட்டுல உக்காந்த பிறகு டைட் பண்ணணும், இல்லன்னா புஷ் முறுக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். டார்க் அளவு (எவ்ளோ பலமா இறுக்கணும்னு) சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அத பாத்து டார்க் ரென்ச்சுல வைங்க. டை ராடுல கை வச்சிருந்தா வீல் அலைன்மென்ட் செலவயும் கணக்குல சேத்துக்கோங்க. வேலை முடிஞ்சதும் நட்டு மேலயும் போல்ட் மேலயும் சேத்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டு விடுங்க, நூறு கிலோமீட்டர் ஓட்டின பிறகு குனிஞ்சு பாருங்க, கோடு நேரா இல்லன்னா நட்டு நகர்ந்திருக்கு, அதுக்கு மேல வண்டிய ஓட்டாம முதல்ல விட்டத்தயும் பிட்ச்சயும் திரும்ப அளங்க.